மாதாமாதம் பழப்பெட்டியா, ஒரே தடவையில் பெரிய கூடையா?

பழம்தான் பரிசு என்று முடிவு செய்த பிறகுதான் குழப்பமே ஆரம்பிக்கிறது. சந்தா கட்டி மாதம் ஒரு பெட்டி போய்ச் சேரும்படி செய்வதா, கண்ணாடித்தாள் சுற்றிய பெரிய கூடையை ஒரே தடவையில் அனுப்புவதா, உலர்பழச் சந்தாவா, இல்லை வேண்டியதை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று கிஃப்ட் கார்டா? நான் நாலையும் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு எனக்கே பரிசாக வந்தும் இருக்கிறது, அதில் கற்றுக்கொண்டதுதான் அதிகம்.

கூடையில் குறை சொல்ல முடியாத விஷயம், அது வந்து இறங்கும் அந்த நிமிடம். வீட்டில் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் மூன்றாம் நாள்? ஆப்பிள் எத்திலீன் வாயுவை வெளியிடும், அது பக்கத்தில் இருக்கும் வாழை, கிவி எல்லாவற்றையும் வேகமாகப் பழுக்க வைக்கும். அத்தனையையும் ஒரே தாளுக்குள் சுற்றி அடைத்திருப்பதால் எல்லாம் சேர்ந்தாற்போல் கனிந்து நிற்கும், அப்புறம் ஒரு வாரத்துக்கு வீடே பழம் தின்னும் போட்டி மாதிரி ஆகிவிடும். நிறைய பேர் வந்துபோகும் வீடு, விசேஷம் நடக்கும் வீடு என்றால் கூடைதான் சரி, யோசிக்கவே வேண்டாம்.

சந்தாவில் அதே பழம் பிரிந்து பிரிந்து வருகிறது, ஒவ்வொரு மாதமும் நம் ஞாபகமும் வரும். இப்படி நினைத்துத்தான் அத்தைக்கும் மாமாவுக்கும் 12 மாதச் சந்தா, அதுவும் 5 கிலோ பெட்டி, கட்டினேன். மூன்றாவது மாதம் போனில் அத்தை, "அடுத்த பெட்டி என்னைக்குப்பா வரும்?" என்று கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஃபிரிட்ஜில் இடம் ஒழிக்க வேண்டுமே என்றுதான் கேட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டே பேர் இருக்கும் வீட்டுக்கு 5 கிலோ என்பது பரிசு இல்லை, வேலை. பாதியை அக்கம்பக்கத்தில் கொடுத்துத் தீர்த்திருக்கிறார்கள்.

ஆகவே சந்தாவா கூடையா என்று பார்ப்பதைவிட, எந்த மாதிரிச் சந்தா என்று பார்ப்பதுதான் முக்கியம். பெட்டியில் என்ன வரும் என்பதை அனுப்புகிறவர்களே முடிவு செய்வது ஒரு வகை, பெறுகிறவர் தேர்ந்தெடுப்பது இன்னொரு வகை. முதலாவதில் ஆச்சரியம் உண்டு, இளவயதுக்காரர்களுக்கு அது பிடிக்கும். பெரியவர்களுக்கு நான் அதைக் கொடுக்கமாட்டேன். கொழுப்பைக் குறைக்கும் சில ஸ்டாட்டின் மாத்திரைகளோடு கிரேப்ஃப்ரூட் (திராட்சை இல்லை, ஆரஞ்சு மாதிரியான ஒரு பழம்) சேரக்கூடாது, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு நட்சத்திரப்பழம் உண்மையிலேயே ஆபத்து. அவர்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று நமக்கு எங்கே தெரியும்?

அதைவிடப் பெரிய விஷயம், சந்தாவின் லாகின் யார் கையில் இருக்கிறது என்பது. நம் கையில் இருந்தால், ஊருக்குப் போகிற மாதம் பெட்டி வேண்டாம் என்று சொல்ல அவர்கள் நம்மைக் கூப்பிட வேண்டும். பரிசு கொடுத்தவரிடம் போய் யாராவது இந்த மாதம் வேண்டாம் என்று சொல்வார்களா? பூட்டிய கதவுக்கு வெளியே பெட்டி கிடந்து ஒழுகும். ஒரு மாதத்தைத் தள்ளிப்போடவும், முகவரி மாற்றவும், பிடிக்காத பழத்தை நீக்கவும் பெறுகிறவருக்கே வசதி தராத சந்தா எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

தரத்தை எப்படி ஒப்பிடுவது? சந்தா கட்டுவதற்கு முன் ஒரே ஒரு பெட்டியை உங்கள் வீட்டுக்கே வரவழையுங்கள். வந்ததும் திராட்சை, ஆரஞ்சு, ஸ்ட்ராபெர்ரி, அன்னாசி இவற்றைத்தான் முதலில் தின்று பார்க்க வேண்டும். இவை பறித்த பிறகு இனிப்பு ஏறாதவை, புளிப்பாக வந்தால் கடைசி வரை புளிப்புதான், சாக்குச் சொல்ல வழியில்லை. மாம்பழம், அவகாடோ, கிவி, பேரிக்காய் அப்படி இல்லை, காயாக வந்தாலும் வீட்டில் பழுக்கும், பயணத்தில் நசுங்காமலிருக்க அப்படி அனுப்புவதுதான் நியாயமும்கூட. ஆனால் அதைச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டாவது உள்ளே இருக்க வேண்டும். எனக்கு வந்த முதல் பெட்டியில் பேரிக்காய் கல் மாதிரி இருந்தது, ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு மட்டமான சரக்கு என்று ஒதுக்கிவைத்தேன். காம்புக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும், அதுதான் பதம். வயிற்றுப்பகுதி மெத்தென்று ஆகும்வரை காத்திருந்தால் உள்ளே கொழகொழத்துவிடும். ஒரு சீட்டு இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

உலர்பழச் சந்தா, அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கும் விடுதியில் இருப்பவர்களுக்கும் ஏற்றது. வாசலில் இரண்டு நாள் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் 1 கிலோ உலர்திராட்சைக்கு ஏறக்குறைய 4 கிலோ திராட்சை வேண்டும், அவ்வளவு சர்க்கரையும் அந்த ஒரு கிலோவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. கிஃப்ட் கார்டைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை. பயன்படும், மனதில் நிற்காது.

எத்தனை மாதம் என்று கேட்டால், 3 போதும். பிடித்திருந்தால் நீட்டிக்கலாம். பணம் கட்டும்போது தானாகப் புதுப்பிக்கும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நாலாவது மாதமும் உங்கள் கார்டில்தான் பணம் போகும்.

அத்தை வீட்டுக்கு இப்போது சின்னப் பெட்டி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, லாகின் அவர் போனிலேயே. கையில் கிடைத்ததும் அவர் செய்த முதல் காரியம் அன்னாசியை நீக்கியது. அதைச் சீவுவதற்குள் மணிக்கட்டு வலி எடுத்துவிடுகிறதாம், இத்தனை மாதமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.