ஆர்க்கிட் தொட்டி நல்லது, கலவைதான் சரியில்லை

ஃபெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகையை வளர்க்க இந்த 5 அங்குல ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டியைத் தாராளமாக வாங்கலாம். பக்கவாட்டுப் பிளவுகளில் காற்று புகும். உள்ளே வேர் தெரியும். வேர் பச்சையா, தண்ணீர் வேண்டாம். வெள்ளிச் சாம்பலா, ஊற்றலாம்.

தொட்டியோடு தரும் நடவுக் கலவைதான் வம்பு. பாதிக்கு மேல் தேங்காய் நார்த்தூள். அடியில் சேறாகப் படிந்து காற்றை அடைக்கும், அழுகல் அங்கேதான் தொடங்கும். அதை ரோஜாச் செடிக்குப் போட்டுவிட்டு, மரப்பட்டைத் துண்டு 3 பங்கு, கரித்துண்டு 1 பங்கு நிரப்புங்கள்.

ஏற்கெனவே அழுகிய செடியா? வேரை விரலால் நசுக்குங்கள். தோல் உருவிக்கொண்டு நூல் மட்டும் மிஞ்சினால், தீயில் வாட்டிய கத்தரியால் நறுக்குங்கள். லவங்கப்பட்டைத் தூள் வெட்டுவாயில் மட்டும்; நல்ல வேரில் பட்டால் அதையும் உலர்த்திவிடும். ஒருநாள் ஆறவிட்டு நடுங்கள்.

தொட்டியை ஓட்டையில்லாத பீங்கான் வெளித்தொட்டிக்குள் வைத்தால் தேங்கும் நீரைக் கொட்டுங்கள்.