தம்பெரே மூமின் மியூசியம்: குழந்தைகளுக்கான இடம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்

பின்லாந்துக்கு வரும் நம்மவர்கள் பலரும் மூமின் படம் போட்ட காபிக் கோப்பை ஒன்றை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வெள்ளை வெளேரென்று, குண்டாக, நீர்யானை மூஞ்சியோடு இருக்கும் அந்தக் கதைக் குடும்பத்தை உண்டாக்கியவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அவர் பெயர் டூவே யான்சன். எண்ணெய் வண்ண ஓவியர், கேலிச்சித்திரக்காரர், சுவரோவியர், காமிக்ஸ்காரர், மேடை வடிவமைப்பாளர், நாவலாசிரியர் எல்லாம் ஒரே ஆள். அவர் கைபட்ட அசல்களைப் பார்க்கத்தான் பின்லாந்தின் தம்பெரே நகரத்துக்குப் போனேன். போன காரியம் வீண்போகவில்லை, ஓவியத்தில் கொஞ்சமாவது ஆர்வம் இருக்கிற யாரும் தயங்காமல் போகலாம்.

ஹெல்சிங்கியிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் தம்பெரே வந்துவிடும். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் தம்பெரே ஹால் என்ற பெரிய கச்சேரி அரங்கம் இருக்கிறது, மியூசியம் அதற்குள்தான். 1986-இல் டூவே தன் படைப்புகளில் ஏறக்குறைய 2000 உருப்படிகளைத் தம்பெரே கலை அருங்காட்சியகத்துக்கு அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார். அடுத்த வருடமே அவற்றுக்கென்று தனி இடம் திறந்தார்கள், முதலில் நகர நூலகக் கட்டடத்தில் இருந்தது, 2017-இல் இங்கே வந்தது.

உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் சட்டென்று குறையும். காகிதத்தில் வரைந்த பழைய படங்கள் வெளிச்சம் பட்டால் மங்கிவிடும் என்பதால் அப்படி. கண் பழகுவதற்கு ஒன்றிரண்டு நிமிடம் கொடுங்கள், அவசரப்பட்டு நகர்ந்துவிடாதீர்கள். அதற்கப்புறம் முதலில் உறைப்பது படங்களின் அளவுதான். எத்தனையோ நாடுகளில் பெரிய பெரிய போஸ்டராகத் தொங்கும் காட்சிகளின் அசல் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான். கண்ணாடிக்கு மூக்கு படுகிற மாதிரி குனிந்து பார்த்தால், காடு என்று நாம் நினைப்பது நூற்றுக்கணக்கான மெல்லிய பேனாக் கோடுகள். குறுக்கும் நெடுக்குமாக ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருட்டாகிக்கொண்டே போகின்றன. நடுவில் ஓரிடத்தில் மட்டும் கோடே இல்லை. வெறும் காகிதம். அந்த வெறும் காகிதம்தான் மூமின்! அத்தனை இருட்டையும் சுற்றிப் போட்டு, நடுவில் ஒரு சின்ன உயிரை ஒன்றுமே வரையாமல் நிறுத்திவிடுகிறார். அச்சில் வரும்போது இந்த மை அடர்த்தி பாதி காணாமல் போய்விடுகிறது, அசலைப் பார்த்தால்தான் தெரியும்.

1957-இல் வந்த பனிக்காலக் கதைக்கு வேறு ஒரு வழி பிடித்திருக்கிறார். கறுப்புப் பூச்சு பூசிய அட்டையை எடுத்துக்கொண்டு, கூர்முனையால் சுரண்டிச் சுரண்டி வெள்ளையை வெளியே கொண்டுவருவது. பின்லாந்தின் நீண்ட குளிர்கால இரவுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தோன்றவில்லை. இந்த ஒரு வரிசைக்கு முன்னாலேயே நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன்.

இந்தக் கை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தெரிந்துகொண்டு போனால் பார்ப்பது இரட்டிப்பாகும். 1914-இல் ஹெல்சிங்கியில், ஸ்வீடிஷ் பேசும் சிறுபான்மைக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா சிற்பி. அம்மா சிக்னே, வருடக்கணக்காகப் பின்லாந்தின் தபால்தலைகளை வரைந்தவர், வீட்டுக்குச் சம்பாதித்துப் போட்டதில் பெரும்பங்கு அவருடையது. மகள் பதினைந்து வயதிலேயே கார்ம் என்ற அரசியல் நையாண்டிப் பத்திரிகைக்கு வரைய ஆரம்பித்துவிட்டார். 1938-இல் அதில் ஹிட்லரை, ஊட்ட ஊட்ட இன்னும் கேக் வேண்டும் என்று அடம்பிடித்து அழும் குழந்தையாக வரைந்தார். அந்தக் காலத்தில், அந்த இடத்தில் இருந்துகொண்டு அப்படி வரைய எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! மூமினின் மூதாதை ஒரு சின்ன மூஞ்சியாகக் கையெழுத்துக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்ததும் இந்தக் கேலிச்சித்திரங்களில்தான். அதற்கும் முன்னால், தம்பியோடு கான்ட் தத்துவத்தைப் பற்றிச் சண்டை போட்டுவிட்டு, கடுப்பில் கோடைவீட்டுக் கழிப்பறைச் சுவரில் அசிங்கமாக ஒரு உருவத்தைக் கிறுக்கினாராம், தொடக்கமே அதுதான் என்பார்கள். போர் நடந்துகொண்டிருந்தபோது எழுதத் தொடங்கிய முதல் மூமின் கதை 1945-இல் புத்தகமானது. குடியிருக்க ஓரிடத்தையும் காணாமல் போன அப்பாவையும் தேடி, பெருவெள்ளத்தினூடே அலையும் குடும்பத்தின் கதை. யாருக்காக, எந்த மனநிலையில் எழுதினார் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

சரி, மியூசியத்துக்கு வருகிறேன். குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு அங்கே பெரிய ஈர்ப்பு மூமின் வீடு. இரண்டு மீட்டருக்கும் மேல் உயரம், மாடி மாடியாக அறைகள், ஒவ்வொரு அறையிலும் குட்டிக் குட்டிச் சாமான்கள். டூவேயின் வாழ்க்கைத் துணை தூலிக்கி பியெத்திலா, நண்பரான டாக்டர் பென்ட்டி எய்ஸ்டோலா, டூவே மூன்று பேரும் சேர்ந்து கையாலேயே செய்தது. கதைக்காட்சிகளைப் பெட்டி பெட்டியாக முப்பரிமாணத்தில் அமைத்ததிலும் தூலிக்கியின் கைதான் பிரதானம், அவரே பெயர்பெற்ற அச்சோவியக் கலைஞர். தன்பாலின உறவு 1971 வரை பின்லாந்தில் குற்றம். அந்தக் காலத்திலிருந்தே இரண்டு பேரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். 1957 கதையில் பனிக்காலத்தைக் கண்டு பயப்படும் மூமினுக்குத் தைரியம் சொல்லும் டூ-டிக்கி என்ற பாத்திரம் தூலிக்கியை வைத்து உருவானதுதான். இதைத் தெரிந்துகொண்டு அந்த வீட்டைப் பார்த்தால் பொம்மை வீடாகத் தெரியாது, இரண்டு பேர் ஒருவருக்கொருவர் செய்து கொடுத்த பரிசாகத்தான் எனக்குத் தெரிந்தது.

குறை என்று சொன்னால் ஒன்றுதான். இந்த மியூசியத்தில் மூமின்தான் நாயகன். டூவே தன்னை முதலில் ஓவியர் என்றுதான் கருதினார், அந்தப் பக்கத்தை இங்கே மட்டும் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது. லண்டன் ஈவ்னிங் நியூஸ் நாளிதழில் 1954-இல் அவருடைய மூமின் காமிக்ஸ் ஆரம்பமானது. ஏழு வருட ஒப்பந்தம், வாரத்துக்கு ஆறு படக்கதைப் பட்டைகள். உலகமெல்லாம் புகழ் வந்தது, கூடவே தூரிகையைத் தொட நேரமில்லாமல் போனது. ஒப்பந்தம் முடிந்ததும் தம்பி லார்ஸிடம் கொடுத்துவிட்டு ஓவியத்துக்குத் திரும்பினார், 1960-களில் அருவ ஓவியம் வரை போனார். பணம் கொட்டிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, ஈஸலுக்கு முன்னால் போய் நின்ற அந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன். 1970-இல் வந்த கடைசி மூமின் நாவலில் மூமின் குடும்பமே வராது, மற்ற எல்லோரும் காலி வீட்டில் அவர்களுக்காகக் காத்திருப்பார்கள். அம்மா இறந்ததும் அதே வருடம். அப்புறம் எழுதியவை பெரும்பாலும் பெரியவர்களுக்கான கதைகள்தான். அவற்றைப் படிக்காமல் டூவேயைத் தெரியும் என்று சொல்லவே முடியாது.

அதனால் ஹெல்சிங்கியில் ஒரு அரை நாள் ஒதுக்கி, ஹாம் என்ற நகரக் கலை அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நகர மன்றக் கட்டடத்து உணவகத்துக்காக 1947-இல் அவர் வரைந்த இரண்டு பெரிய சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. நகரத்து விருந்தைக் காட்டும் ஓவியத்தில் எல்லோரும் ஆடிக்கொண்டிருக்க, ஒரு பெண் மட்டும் முன்னால் மேஜையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார், கையில் சிகரெட். அது டூவேயே. நடுவில் ஆடுகிறவர் அப்போது அவர் காதலித்த நாடக இயக்குநர் விவிக்கா பாண்ட்லர். மேஜைமேல் கண்ணாடிக் குவளைக்குப் பக்கத்தில் பாருங்கள், துளியூண்டு மூமின் நிற்கும். அத்தனை ரகசியத்தையும் நகர நிர்வாகத்தின் சுவரிலேயே வரைந்து வைத்திருக்கிறார்!

இனி நடைமுறை விஷயம். தம்பெரேவில் ஓவியங்கள் இருக்கும் பகுதியில் படம் எடுக்க விடுவதில்லை, அது ஒருவகையில் நல்லதே, எல்லோரும் போனைப் பையில் போட்டுவிட்டுப் பார்க்கிறார்கள். குழந்தைகளோடு போனால் மூமின் வீட்டை முதலில் காட்டிவிடுங்கள், அப்புறம் பேனாச் சித்திரங்களுக்கு நிம்மதியாகத் திரும்பி வரலாம். கடைக்குக் கடைசியில் போங்கள், கோப்பைகள் ஹெல்சிங்கியிலும் கிடைக்கும், இங்கே புத்தகங்களைப் பார்ப்பது உத்தமம். குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். தம்பெரே, ஹாம் இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் யோசிக்காமல் தம்பெரேவுக்குப் போங்கள், திங்கட்கிழமையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.