இரண்டு வெள்ளை வெளிச்சங்கள்: ஆர்ஜிபி பட்டையா, சாதாரண எல்இடி பல்பா?

இரண்டுமே வெள்ளையாகத்தான் எரிகின்றன, ஆனால் வெள்ளை வரும் வழி வேறு. நிறம் மாறும் ஆர்ஜிபி பட்டையில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எல்இடி சில்லுகள் ஒன்றாக எரிகின்றன. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள், அதோடு நீலமும் சேர்ந்தால் வெள்ளை. பெயின்ட் கலந்து பழகியவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரம்தான். பட்டைக்கு அருகில் விரலை நீட்டினால் சுவரில் விழும் நிழலின் ஓரங்களில் வெளிர்நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் எனச் சாயங்கள் தெரியும். சிவப்பு மறைந்த இடத்தில் பச்சையும் நீலமும் மட்டும் மிஞ்சுவதால் வருவதுதான் அந்த வெளிர்நீலம்.

சாதாரண வெள்ளை பல்புக்குள் பெரும்பாலும் நீலச் சில்லு மட்டுமே. அதன் மேல் பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள், அந்த நீல ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சி மஞ்சளாக வெளியிடுகிறது. மிச்ச நீலமும் இந்த மஞ்சளும் கலந்து வெள்ளை. அணைத்த பல்பின் மூடியைக் கழற்றினால் அந்த மஞ்சள் பூச்சைப் பார்க்கலாம். இதற்கு அடித்தளமான நீல எல்இடிக்குத்தான் 2014-இல் இயற்பியல் நோபல்.

சரி, எதை வாங்குவது? ஆர்ஜிபி வெள்ளையில் ஒளி சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று இடங்களில்தான் குவிந்திருக்கிறது, இடைப்பட்ட நிறங்கள் குறைவு. அதனால் பட்டுப்புடவையின் நிறமும் முகத்தின் நிறமும் மாறித் தெரியலாம். பாஸ்பர் ஒளி மஞ்சள் பக்கம் அகலமாகப் பரவுவதால் அந்தத் தொல்லை குறைவு. துணி பார்க்க, சமைக்க, படிக்க எல்லாம் பல்புதான், அதுவும் பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதற்கான அளவு) 80-க்கு மேல் போட்டிருந்தால் நல்லது. கொலு அலங்காரத்துக்கு ஆர்ஜிபி போதும்.