1,200 ரூபாய் கொடுத்து என் நோட்ஸையே வாங்கினேன்: இக்னோவில் படிக்கும் டெல்லித் தமிழர்கள் கவனத்துக்கு

நான் முனிர்க்காவில் இருக்கிறேன். பகலில் நேரு பிளேஸில் கணக்கு வேலை, ராத்திரியில் இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.ஏ. பொது நிர்வாகம். 2024 ஜூலையில் சேர்ந்தேன். தபால்வழிப் படிப்பில் பக்கத்து பெஞ்சு கிடையாது, சந்தேகம் கேட்க ஆள் கிடையாது. மலை மந்திர் முருகன் கோயிலில் பழக்கமான அக்கா ஒருவர்தான் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். அட்மின் தமிழர். எல்லோரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம்.

முதல் மூன்று மாதம் அந்தக் குழு நிஜமாகவே நன்றாக இருந்தது. ஒருத்தி பாடச் சுருக்கம் போடுவாள், இன்னொருவர் பழைய கேள்வித்தாள் தேடித் தருவார். எனக்குப் பிடிபடாத நிர்வாகச் சிந்தனையாளர் ஹெர்பர்ட் சைமனை ஒரு தம்பி தமிழிலேயே வாய்ஸ் நோட்டில் விளக்கினான். நானும் நிர்வாகக் கோட்பாடு தாளுக்குக் கையால் எழுதிய 60 பக்கத்தை ஸ்கேன் செய்து கொடுத்தேன். "எல்லாத்தையும் ஒரே டிரைவ்ல சேர்த்து வைக்கிறேன் தங்கச்சி. இந்த ஊர்ல நமக்கு நாமதான்" என்றார் அட்மின் அண்ணா. தலைநகரில் யாராவது தமிழில் பேசினால் நமக்கு மனசு இளகிவிடுகிறது. அதைத்தான் அந்த ஆள் பயன்படுத்திக்கொண்டார்.

மார்ச்சில் ஆபீஸில் கணக்கு முடிக்கும் நெருக்கடி. ஒரு தாளின் அசைன்மென்ட் தொடவே இல்லை. அந்த நேரம் பார்த்து அவரிடமிருந்து தனியாக மெசேஜ் வந்தது: "நாலு தாளுக்கும் மாதிரி விடை இருக்கு, 1,200 ரூபாய், இன்னைக்கு மட்டும்." யூபிஐயில் அனுப்பினேன். பணம் போன பெயர் அவருடைய பெயராக இல்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

வந்த கோப்பைத் திறந்தால் மேலட்டையில் மட்டும் இந்த வருஷம். உள்ளே இருந்தவை போன வருஷக் கேள்விகளுக்கான பதில்கள். இக்னோ அசைன்மென்ட் கேள்விகள் வருஷா வருஷம் மாறும், புது மாணவர்களுக்கு இது தெரியாது. அடுத்து நிர்வாகக் கோட்பாடு கோப்பு. பச்சை மையில் தலைப்புகள். அதிகார வர்க்க அமைப்பைப் பற்றி எழுதிய மாக்ஸ் வெபர் பக்கத்தின் ஓரத்தில் தமிழில் 'நம்ம ஊர் தாலுகா ஆபீஸ்' என்று ஒரு குறிப்பு. என் கையெழுத்து! பக்கத்தின் குறுக்கே பெரிதாக அந்த ஆளின் வாட்டர்மார்க். நம்பி இலவசமாகக் கொடுத்ததை எனக்கே விற்றிருக்கிறார். அன்று ராத்திரி நான் அழுததற்குக் காரணம் பணம் இல்லை.

கேட்டதற்கு, "படிக்கிற புள்ளைங்களுக்கு உதவி பண்றேன், பெரிசு பண்ணாதம்மா" என்றார். ஐந்து நிமிஷத்தில் குழுவிலிருந்து தூக்கினார், பிளாக் செய்தார்.

கோப்பை வாங்கியவர்களில் மயூர் விஹார் பெண் ஒருத்தி அதை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டாள். இன்னொருவர் விடையோடு வரிக்கு வரி ஒன்றாக இருப்பதாகச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் அசைன்மென்ட்டுக்கு, அவள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். என் வரிகள் எத்தனை பேர் தாளில் இருக்கின்றனவோ என்ற பயத்தில் நான் சொந்தமாக எழுதி வைத்திருந்ததையும் கிழித்துவிட்டு, இரண்டு ராத்திரி உட்கார்ந்து மறுபடி எழுதினேன்.

இக்னோவின் பாடப் புத்தகங்கள் முழுக்க இ-ஞானகோஷ் தளத்தில் இலவசம். அசைன்மென்ட் கேள்விகளும் பழைய தேர்வுத்தாள்களும் பல்கலைக்கழகத் தளத்திலேயே கிடைக்கும். முதலில் அங்கே போய் இந்த வருஷக் கேள்வியைப் பாருங்கள். நோட்ஸ் பகிர்வதை நிறுத்தாதீர்கள், அந்தத் தம்பியின் வாய்ஸ் நோட் இல்லாவிட்டால் சைமன் எனக்குப் புரிந்தே இருக்காது. ஆனால் ஸ்கேன் செய்யும் முன் ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் பெயரையும் 'விற்பனைக்கு அல்ல' என்பதையும் பேனாவால் எழுத்துகளின் மேலேயே எழுதுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள். பணம் ஏமாந்திருந்தால் தொகை சின்னது என்று விடாதீர்கள், உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். நான் நாலு நாள் தயங்கிவிட்டுத்தான் அழைத்தேன். அதற்குள் அந்தக் கணக்கில் பணம் இல்லை.

போன வாரம் அதே ஆள் வேறு பெயரில், வேல் படம் போட்டு, புதுக் குழு தொடங்கியிருப்பதாக அந்த அக்கா சொன்னார். பச்சை மைத் தலைப்போடு வெபர் நோட்ஸ் எங்காவது விலைக்கு வந்தால் வாங்காதீர்கள். எனக்குச் சொல்லுங்கள், மூல நோட்டை நானே சும்மா அனுப்புகிறேன்.