டிபி-லிங்க் ஆர்ச்சர் ஏஎக்ஸ்10 ரவுட்டர்: பேராக்கின் சுங்கை சிப்புட் வீடுகளுக்கு ஏற்றதா?

வைஃபை 6 தலைமுறை, கேபிள் செருக நான்கு கிகாபிட் லேன் துளைகள், டபிள்யுபிஏ3 கடவுச்சொல் பாதுகாப்பு. தோட்டத்தை ஒட்டிய ஒரு மாடி தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு இது தாராளம். யூஎஸ்பி துளை இல்லை, அது பெரிய குறையில்லை.

யூனிஃபை இணையச் சேவையில் போட நினைப்பவர்கள் முதலில் ரவுட்டர் அமைப்புகளின் ஐபிடிவி/விலேன் பக்கத்தில் மலேசியா-யூனிஃபை என்பதைத் தேர்ந்தெடுங்கள். இணையத்துக்கு விலேன் (ஒரே கம்பியில் சேவைகளைப் பிரிக்கும் வழி) எண் 500. அது இல்லாமல் பிபிபிஓஇ (இணைய நுழைவு) பெயரும் கடவுச்சொல்லும் சரியாக இருந்தாலும் இணைப்பு ஏறாது. பலர் ரவுட்டர் கெட்டுவிட்டது என்று கடைக்குத் திருப்பித் தூக்கிப்போவது இதனால்தான்.

300 எம்பிபிஎஸ் திட்டம், கேபிளில் சோதித்தாலும் 94-ஐத் தாண்டவில்லையா? வைஃபையைக் குறை சொல்லாதீர்கள். கிகாபிட்டுக்கு கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் வேகம் 100-க்கு இறங்கிவிடலாம். எலி கடித்த கேபிளை மாற்றுங்கள், கேட்5இ போதும்.

வைஃபை அடிக்கடி அறுந்தால், இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் காட்டும் ஸ்மார்ட் கனெக்டை அணைத்து, 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் தனிப் பெயர் வையுங்கள். 2.4-இல் சேனல் 1, 6, 11 மட்டும், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸ் செங்கல் சுவரைத் தாண்டினாலே தளர்ந்துவிடும், அதனால் ரவுட்டரை நடுக்கூடத்தில் உயரமாக வையுங்கள்.

கடவுச்சொல் தட்டாமல் பொத்தானிலோ பின் எண்ணிலோ சேரவிடும் டபிள்யுபிஎஸ்ஸைக் கட்டாயம் அணையுங்கள். பழைய கைப்பேசி சேரவில்லையென்றால் பாதுகாப்பில் டபிள்யுபிஏ2/டபிள்யுபிஏ3 கலப்பைத் தேர்ந்தெடுங்கள். விருந்தினருக்குத் தனி கெஸ்ட் நெட்வொர்க்.

மாலை இடி இறங்கும் ஊர் இது. மழை கறுக்கும்போதே மின்செருகியைக் கழற்றிவிடுங்கள்.