கேக் பழத்துக்கு எது நல்லது? டார்க் ரம்முக்கே என் ஓட்டு

கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் ஊறப்போட ஒரே ஒரு பாட்டில்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், யோசிக்காமல் டார்க் ரம் வாங்குங்கள். மது வேண்டாம் என்பவர்கள் திக்கான கறுப்புத் தேநீரில் ஆரஞ்சுச் சாறு கலந்து ஊறப்போடுங்கள். ஒரே பழக்கலவையைத் தனித்தனி ஜாடிகளில் பிரித்துப் போட்டு, கேக்கும் சுட்டுத் தின்று பார்த்தபிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

ரம் கரும்பிலிருந்து வருவது, பெரும்பாலும் சர்க்கரை தயாரிக்கும்போது மிஞ்சும் கறுத்த பாகான மொலாசஸிலிருந்து. கேக்கில் போடும் பிரவுன் சர்க்கரையிலும் அதே மொலாசஸ்தான் இருக்கிறது. அதனால்தான் இரண்டும் அவ்வளவு எளிதாக ஒட்டிக்கொள்கின்றன. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் எல்லாம் போட்டு நன்றாகக் கறுத்த கேக்கிலும் ரம்மின் மணம் அமுங்கிப்போவதில்லை. வெள்ளை ரம்மில் இந்த ஆழம் கிடையாது. மசாலா சேர்த்த ரம்மையும் நான் தொடுவதில்லை; அதில் வெனிலாவும் பட்டையும் முன்பே இருப்பதால், நாம் போடும் மசாலாவின் அளவு நம் கையில் இருப்பதில்லை.

பிராந்தியைக் குறைசொல்ல மாட்டேன். திராட்சை ஒயினைக் காய்ச்சி வடித்தது என்பதால் உலர்திராட்சையோடு அழகாகப் போகும். ஏப்ரிகாட், சுல்தானா, செர்ரி என்று வெளிர்நிறப் பழங்கள் போட்டு, வெள்ளைச் சர்க்கரையில் செய்யும் கேக் என்றால் ரம்மைவிடப் பிராந்திதான் எனக்குப் பிடிக்கும். கறுத்த கேக்கில் அது இருக்கும் இடமே தெரியாது. விலை உயர்ந்த பழைய பிராந்தியை இதற்காகத் திறக்காதீர்கள். அதன் மெல்லிய வாசனை அடுப்பிலேயே போய்விடும்.

ஷெர்ரி என்ற ஸ்பெயின் ஒயினின் இனிப்பு வகைக்குக் கொட்டைப்பருப்பின் வாசனை உண்டு. அத்தியும் வால்நட்டும் நிறையப் போட்டால் அருமையாக இருக்கும். ஆனால் ரம், பிராந்தியில் ஆல்கஹால் ஏறக்குறைய 40 சதவீதம் என்றால், ஷெர்ரியில் 15 முதல் 20தான். மாதக்கணக்கில் வெளியே வைக்க எனக்கு மனசு வராது. ஃப்ரிட்ஜில் ஒரு வாரம், அவ்வளவுதான். புகைவாசம் அடிக்கும் விஸ்கி வேண்டவே வேண்டாம்.

மது இல்லாத கேக்குக்கு எல்லோரும் முதலில் எடுப்பது ஆரஞ்சுச் சாறு. தனியாக அது எனக்குத் திருப்தி தரவில்லை. உலர்பழத்தின் இனிப்போடு சாற்றின் இனிப்பும் சேர்ந்து திகட்டுகிறது. தேநீர் கலந்தால் நிலைமையே மாறிவிடுகிறது. அதன் லேசான துவர்ப்பு இனிப்பை அடக்குகிறது, நிறமும் கூடுகிறது. அரைக் கிலோ பழத்துக்கு 150 மில்லி தேநீர், 100 மில்லி சாறு, ஒரு ஆரஞ்சின் துருவிய தோல். தேயிலையை 5 நிமிடத்துக்கு மேல் ஊறவிடாதீர்கள், கசக்கும். வடிகட்டி, சாறோடு சேர்த்துச் சூடாக்கி, பழத்தில் ஊற்றி மூடி, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாளே சுடலாம், இரண்டு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது, புளித்துவிடும்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். அடுப்பில் வைத்தால் ஆல்கஹால் முழுவதும் ஆவியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல, கொஞ்சம் தங்கத்தான் செய்யும். மது தொடாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கொடுப்பதாக இருந்தால் தேநீர் கேக்கைச் செய்யுங்கள், அல்லது கேக்கில் என்ன இருக்கிறது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

எதில் ஊறப்போட்டாலும் பழத்தைத் தயார்செய்வதில் கவனம் வேண்டும். ஒட்டாமல் இருக்கச் சில உலர்திராட்சைகளில் எண்ணெய் தடவியிருப்பார்கள். வெந்நீரில் அலசி, ஈரம் போகத் துடைத்தபிறகு போட்டால் நன்றாக உறிஞ்சும். அரைக் கிலோவுக்கு 150 முதல் 200 மில்லி ரம் போதும். ஈரமில்லாத கண்ணாடி ஜாடியில் போட்டு, அவ்வப்போது கவிழ்த்து நிமிர்த்துங்கள். ஊறாத பழம் மாவிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கேக் வறண்டு உதிர்வதற்கு அதுவும் ஒரு காரணம். சுடும் நாளில் பழத்தை வடித்துவிட்டு மாவில் சேருங்கள். வடிந்த ரம்மைக் கொட்டாதீர்கள். சுட்ட கேக்கில் குச்சியால் குத்தி, வாரம் ஒருமுறை ஓரிரு ஸ்பூன் ஊற்ற அதுதான் சிறந்தது. சாற்றில் செய்த கேக்குக்கு இப்படி ஊற்றவே கூடாது, பூஞ்சை பிடிக்கும். அதைச் சில நாளில் தின்று முடியுங்கள், இல்லையென்றால் ஃப்ரீசரில் வையுங்கள்.

மாதக்கணக்கில் ஊறிய பழத்தின் ருசியே தனி, ஆனாலும் நேரமில்லை என்று ரம்மைக் கைவிட வேண்டியதில்லை. பழத்தில் இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர் விட்டுச் சூடாக்கி, அடுப்பிலிருந்து இறக்கி நகர்த்தி வைத்தபிறகு ரம்மை ஊற்றி மூடுங்கள். தீ எரியும்போது ஊற்றினால் குப்பென்று பற்றிக்கொள்ளும். ஒரே இரவில் பழம் நன்றாக உப்பியிருக்கும்.