ஆலிவ் எண்ணெயை விட சாளையும் பயறும்: மார்த்தாண்டம் பக்கத்தில் மெடிட்டரேனியன் சாப்பாடு

மெடிட்டரேனியன் சாப்பாடு, அதாவது கிரீஸ், ஸ்பெயின் போன்ற மத்தியதரைக் கடல் நாடுகளின் சாப்பாட்டு முறை, என்றதும் ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது ஆலிவ் எண்ணெய் என்ன விலை என்றுதான். நல்ல எக்ஸ்ட்ரா வர்ஜின் (ரசாயனம் இல்லாமல் பிழிந்த முதல் தரம்) லிட்டர் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். ஆனால் கொரோனா ஊரடங்கு முடிந்த காலத்திலிருந்து இந்த முறையில் சமைத்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன், எங்கள் வீட்டில் நடந்த நல்லதில் அந்தப் பாட்டிலுக்குப் பங்கு குறைவு. பெரும் பங்கு சாளைக்கும் (மத்தி மீன்) சிறுபயறுக்கும் கீரைக்கும்தான். அதைவிட முக்கியம், தட்டில் சோறு பிடிக்கும் இடம் சுருங்கியது.

நாங்கள் இருப்பது மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில். வீட்டுக்காரருக்குப் பாறசாலையில் வியாபாரம். சர்க்கரை கூடி, ரத்தத்திலுள்ள ஒரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடும் ஏறி, திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தபோது மாத்திரையோடு இந்தச் சாப்பாட்டையும் எழுதிக் கொடுத்தார். வீட்டில் நான், அவர், மாமி, காலேஜ் போகும் மகள். நாலு பேருக்கும் ஒரே சமையல் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டோம். ஒருவருக்கு மட்டும் தனிச் சட்டி வைத்தால் அவருக்குத் தினமும் தான் நோயாளி என்ற நினைப்புதான் வரும். சமைக்கிறவருக்கும் இரட்டை வேலை.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று புரியும். அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ் 1958-ல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில், கிரீஸ் நாட்டின் கிரீட் தீவு ஆண்களுக்கு மாரடைப்பு மிகக் குறைவாக இருந்தது. அவர்கள் ஒன்றும் கொழுப்பை ஒதுக்கியவர்கள் இல்லை. சாப்பாட்டில் கிடைத்த ஆற்றலில் கிட்டத்தட்ட 40 சதவீதம் கொழுப்பிலிருந்து வந்தது, அதில் பெரும்பகுதி ஆலிவ் எண்ணெய். கூடவே ரொட்டி, பயறு வகைகள், காட்டுக்கீரை, பழம், கொஞ்சம் மீன். இறைச்சி எப்போதாவதுதான். உடல் உழைப்பு நாள் முழுக்க. வயலில் பாடுபட்ட சாதாரணக் குடும்பங்களின் அன்றாடச் சாப்பாடு அது. காலையில் கஞ்சியும் பயறும் குடித்துவிட்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதில் அந்நியமாக எதுவும் தெரியவில்லை.

ஸ்பெயினில் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ப்ரெடிமெட் என்ற அந்த ஆய்வில் இதய நோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள 7,447 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவில் குடும்பத்துக்கு வாரம் ஒரு லிட்டர் எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் இலவசம். இன்னொரு பிரிவில் ஆளுக்குத் தினம் 30 கிராம் வால்நட், பாதாம், ஹேசல்நட். மூன்றாவது பிரிவுக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லி ஆலோசனை மட்டும். ஐந்து வருடத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ஆலோசனைப் பிரிவில் நூற்றுக்கு 4.4 பேர், எண்ணெய்ப் பிரிவில் 3.8, கொட்டைப் பிரிவில் 3.4. ஆட்களைப் பிரித்த விதத்தில் சில இடங்களில் குறை இருந்ததால் 2013-ல் வந்த கட்டுரையைத் திரும்பப் பெற்று, மறுபடி கணக்கிட்டு 2018-ல் வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. நூற்றுக்கு ஒருவர் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், அந்த ஒருவர் நம் வீட்டு ஆளாக இருக்கலாம் என்று யோசித்தால் அப்படித் தோன்றாது. என்னைப் பிடித்து நிறுத்தியது கொட்டைப் பிரிவின் கணக்கு. ஆலிவ் எண்ணெய் கப்பலில்தான் வரவேண்டும். நிலக்கடலையும் அண்டிப்பருப்பும் (முந்திரி) எங்கள் பக்கத்திலேயே கிடைக்கிறது. தினம் ஒரு கைப்பிடி, வறுத்து உப்புப் போடாதது. வால்நட் கையில் காசு இருக்கும் மாதத்தில் மட்டும்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். எங்கள் பக்கத்தில் தேங்காய் எண்ணெயைத் தொடுவது சாமி காரியத்தைத் தொடுவது போலத்தான். அதில் 90 சதவீதத்துக்குப் பக்கம் நிறைவுற்ற கொழுப்பு. கெட்ட கொழுப்பு என்று சொல்லும் எல்.டி.எல்-ஐ அது ஏற்றும். ஆலிவ் எண்ணெயில் பெரும்பகுதி ஒலியிக் அமிலம் என்ற நிறைவுறாக் கொழுப்பு, அது அந்த வேலையைச் செய்யாது. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் இதே ஒலியிக் அமிலம் கணிசமாக உண்டு. அதனால் தாளிப்புக்கும் வதக்கலுக்கும் கடலை எண்ணெய், துவையலுக்கு நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய் பச்சையாக ஊற்றுவதற்கு மட்டும் என்று பிரித்துக்கொண்டேன். வெள்ளரிக்காய், தக்காளி, உள்ளி (வெங்காயம்) நறுக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து, நல்லமிளகுப் பொடி தூவி, மேலே ஒரு ஸ்பூன். வேகவைத்த கொண்டைக்கடலையிலும் அப்படியே. தொண்டையில் லேசாகக் காரம் இறங்கினால் அது நல்ல எண்ணெய்க்கு அடையாளம், கெட்டுப்போனது என்று பயப்பட வேண்டாம். வாங்கும்போது பொமேஸ் என்று எழுதியிருப்பதைத் தவிருங்கள். அது பிழிந்த சக்கையிலிருந்து ரசாயனக் கரைப்பான் கொண்டு எடுப்பது. லைட் என்று எழுதியிருந்தால் நிறமும் மணமும்தான் குறைவு, கலோரி குறையாது. கருப்புப் பாட்டிலில் சின்னதாக வாங்கி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.

தேங்காய் விஷயத்தில் மாமியோடுதான் நெடுநாள் பேச்சு நடந்தது. "தேங்கா அரைக்காத மீன்கறிய நான் எப்படி மக்களே சோத்துல ஊத்தது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சுவை இல்லாத சாப்பாட்டை வருடக்கணக்கில் யாராலும் தொடர முடியாது. அப்புறம் அவரே, பிள்ளை பெற்ற வீட்டில் தன் அம்மா வைக்கும் நல்லமிளகுக் குழம்பை ஞாபகப்படுத்திச் சொல்லித் தந்தார். நல்லமிளகு, சீரகம், உள்ளி, பூண்டு, புளி. தேங்காய் கிடையாது. அதில் சாளையோ அயிலையோ (கானாங்கெளுத்தி) போட்டுக் கொதிக்கவைத்தால், தேங்காய் அரைத்த குழம்பை யாரும் தேடுவதில்லை. தேங்காயை அடியோடு விடவில்லை. அவியலுக்கும் துவரனுக்கும் (தேங்காய் போட்ட பொரியல்) பாதி அளவு உண்டு. ஞாயிற்றுக்கிழமை தேங்காய் அரைத்த குழம்பும் உண்டு.

மீனைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஒமேகா 3 கொழுப்பு நிறைந்த மீன்களை விலை கொடுத்துத் தேட வேண்டியதில்லை. குளச்சலிலிருந்தும் தேங்காப்பட்டணத்திலிருந்தும் வரும் சாளை, அயிலை, நெத்தோலி மூன்றிலும் அது தாராளம். நெய்மீன் (வஞ்சிரம்) கிலோ வாங்கும் காசுக்குச் சாளை எத்தனை நாளைக்கு வரும் என்று பாருங்கள். எங்கள் வீட்டில் பழக்கம் மாறியது பொரிப்பதில்தான். மசாலா தடவி, வாழையிலையில் பொதிந்து, தோசைக்கல்லில் மூடி வைத்துச் சுட்டால் அயிலை அவ்வளவு ருசி. மகள் இப்போது பொரித்ததைக் கேட்பதே இல்லை. ஜூன், ஜூலை தடைக்காலத்தில் மேற்குக் கடலில் விசைப்படகு இறங்காது, மீன் விலை கைக்கு எட்டாது. அந்த மாதங்களில் கருவாட்டுக்குப் போகக்கூடாது, உப்பு மிக அதிகம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு என்கிறது. கருவாடும் ஊறுகாயும் ஒரே வேளையில் வந்தால் அந்த அளவு சட்டென்று நெருங்கிவிடும். நாங்கள் அப்போது முட்டைக்கும் பயறுக்கும் மாறிவிடுவோம்.

பயறு இந்தச் சாப்பாட்டின் முதுகெலும்பு. புட்டுக்குக் கடலை, கஞ்சிக்குச் சிறுபயறு, மதியம் பெரும்பயறுத் துவரன், ராத்திரி காணத் (கொள்ளு) துவையல் என்று எல்லாமே ஏற்கெனவே இருந்தவை. மாற்றியது அளவைத்தான். முன்பு புட்டு மலையாகவும் கடலை தொட்டுக்கொள்ளவும் இருந்தது. இப்போது கடலை பாதித் தட்டு, புட்டு ஒரு துண்டு. தொடக்கத்தில் வயிறு உப்பும். முந்தின நாளே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் குறையும். ஒரே நாளில் அளவைக் கூட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

கஷ்டமானது சோறும் மரச்சீனியும்தான் (மரவள்ளிக்கிழங்கு). சம்பா அரிசி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தவிடு கொஞ்சம் இருப்பது நல்லதுதான், ஆனால் ஒரு கும்பாச் சோறு ஒரு கும்பாச் சோறுதான், சர்க்கரை ஏறத்தான் செய்யும். மரச்சீனியில் தண்ணீர் போக மீதி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. வாரம் ஒருநாள், நாலு துண்டு, மீன்கறி நிறைய என்று ஒதுங்கிவிட்டோம். சாயங்காலம் டீக்கடைப் பழம்பொரியும் ஏத்தங்காய் சிப்ஸும் வீட்டுக்காரருக்கு உயிர். அதை விட்ட இடத்தில் அவித்த நிலக்கடலையும் மட்டி வாழைப்பழமும் வந்தன. கல்யாண வீட்டில் அடைப் பிரதமனை மறுப்பதில்லை, ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்கிறார். பாலாடைக்கட்டிக்குப் பதில் வீட்டுத் தயிர். அந்த நாடுகளில் சாப்பாட்டோடு சேரும் ஒயின் எங்களுக்குத் தேவைப்படவில்லை. மதுவில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என 2023-ல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது.

பலன் எப்படி? வீட்டுக்காரருக்கு எடை மெதுவாகத்தான் இறங்கியது. அதற்கு முன்பே பெல்ட் ஓட்டை மாறியது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.8-ல் இருந்தது, பிறகு 6.6-க்கு வந்து ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. 260-ல் இருந்த ட்ரைகிளிசரைடு 150-க்குக் கீழே வந்தது. மாத்திரையும் சாயங்கால நடையும் சேர்ந்துதான் இது. எல்லாப் பெருமையையும் சாப்பாட்டுக்கே எழுதினால் அது உண்மையாகாது. ஆனால் மதியம் சாப்பிட்டதும் கடையில் கண் சொக்கும் பழக்கம் போனது சாப்பாட்டால்தான் என்று அவர் உறுதியாகச் சொல்கிறார். எனக்கு மலச்சிக்கல் தீர்ந்தது. மாமிக்கு எல்.டி.எல் குறைந்தது, அவர் மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. இதை எழுத எனக்குத் தைரியம் தந்தது அதுதான்.

செலவு கூடவில்லை. மாதச் சாமானில் ஆலிவ் எண்ணெயும் கொட்டைகளும் ஏறின, பேக்கரியும் பரோட்டா பார்சலும் இறங்கின.

சிலர் கவனமாக இருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டக்கூடாது, அதிலுள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் சோற்றைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம், மருந்தளவை டாக்டர் மாற்றித் தரவேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் பயறு, கொட்டை, பழம், கீரை எதையும் கேட்காமல் கூட்ட வேண்டாம், பொட்டாசியம் ஏறும். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு அந்தக் கோளாறு உண்டு. டாக்டர் எழுதித் தந்த அளவில் மட்டும் பயறு எடுக்கிறார், நிலக்கடலை கிடையாது. ஸ்கூட்டரில் மீன்காரர் வந்தால் அந்த அண்ணனுக்கு டாக்டர் சொன்ன கணக்குக்குச் சாளையும் சேர்த்து நான் வாங்கி வைத்துவிடுகிறேன்.